கரண்ட் பிரேக்

எங்கள் கோட்டத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எண்பதுகளின் தொடக்கம். அரசாங்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் பிரிவில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். ஒர்க்‌ஷாப் போளூரில். பாறையைத் துளைக்கிற ரிக்குக்குக் காற்று கொடுக்க ஒரு கம்ப்ரசர் வேண்டும். எங்களுக்கு வந்த கம்ப்ரசர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. நாலு சக்கர டிரெய்லரின் மேல் உட்கார்ந்திருக்கும், கனமென்றால் அப்படியொரு கனம். ஒரு லாரியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்த டிரெய்லரின் பிரேக் மின்சாரத்தில் வேலை செய்வது. லாரியின் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்தால் பெட்டி பின்னால் டிரெய்லருக்குக் கரண்ட் அனுப்பும். நாலு சக்கரத்துக்குள்ளும் இருக்கிற காந்தங்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டிரெய்லரை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்தப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. கரண்ட் போவதற்கு அடையாளமாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். டிரைவர்கள் அதற்கு வைத்த பெயர் கரண்ட் பிரேக்.

என்னை மெட்ராசுக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இங்கிலீஷில் ஒரு தடித்த புத்தகமும் கொடுத்தார்கள். படித்துப் புரிந்தது பாதி, படம் பார்த்துப் புரிந்தது பாதி. ஆனால் திரும்பி வந்ததும் எல்லாம் தெரிந்தவன் மாதிரிதான் நடந்துகொண்டேன். அந்தப் பெட்டியில் வேறு யாராவது கை வைத்தால் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். கோளாறு இருக்கிறது என்று யாராவது வாயால் சொன்னாலும் வரும்.

அந்தக் கோடையில் ஜவ்வாது மலையில் ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டு வந்தோம். மலையில் அப்போது பெரும்பாலான ஊர்களுக்குக் கரண்ட் கிடையாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சுனைக்கு இறங்கி ஏறுவார்கள். எங்கள் ரிக் நாலு நாள் புழுதியாகக் கக்கிவிட்டு ஐந்தாவது நாள் தண்ணீரைப் பீய்ச்சும்போது ஊரே ஓடிவரும். சாமையும் புளியும் விளைவித்துப் பிழைக்கிற சனங்கள், கையில் அதிகம் இருக்காது. ஆனால் மஞ்சள் தடவிய நூலும் எலுமிச்சம்பழமும் எப்படியோ வந்துவிடும். கம்ப்ரசருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, டிரெய்லரின் முன்பக்கத்தில் லாரியோடு சேருகிற முக்கோண இரும்பில் பழத்தைக் கட்டுவார்கள். அங்கேதான் நூலைச் சுற்றத் தோதாக ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருந்தது. ஓர் ஊர் கட்டினதை அடுத்த ஊர் அவிழ்க்காது. சாமிக்குக் கட்டினது தானாக விழ வேண்டும் என்பார்கள். பழத்தின் மேல் பழம், நூலின் மேல் நூல் என்று அது ஒரு கறுத்த மூட்டையாகத் திரண்டிருந்தது.

டிரைவர் சந்தவாசல்காரர். ஐம்பதை நெருங்கியவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அதிகம் பேசமாட்டார், வண்டியை அதட்டி ஓட்டமாட்டார். மலையை விட்டு இறங்கிக் கண்ணமங்கலம் பக்கம் அடுத்த வேலைக்குப் போகவேண்டிய அன்று காலையில் என்னிடம் வந்து நின்றார். ரிக் வண்டி முன்னாடியே இறங்கிவிட்டிருந்தது. கம்ப்ரசரும் லாரியும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும்தான் பாக்கி.

"தம்பி, டிரெய்லரு பின்னாடிலேர்ந்து தள்ளுது. ஒரு வாட்டி புடிக்குது, ஒரு வாட்டி புடிக்க மாட்டேங்குது. எறங்கறதுக்கு முன்ன கொஞ்சம் பாரு."

பார்த்தேன். குறை சொல்ல முடியாதபடி பார்த்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முனையையும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தேன். லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இருக்கிற பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பிறகு என் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தேன். சுண்டைக்காய் அளவு பல்பு, இரண்டு ஒயர். ஒரு ஒயரைச் சக்கரத்துக்குப் போகிற கரண்ட் முனையிலும் இன்னொன்றை டிரெய்லரின் இரும்பிலும் வைத்து, "மிதிங்கண்ணே" என்றேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. நாலு சக்கரத்திலும் எரிந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே காந்தம் டக் என்று ஒட்டுகிற சத்தமும் கேட்டது.

"எல்லாம் சரியா இருக்குண்ணே" என்றேன்.

அவர் நகரவில்லை. "இது நிக்கிற வண்டிக்கு. ஓடற வண்டிக்குப் பாக்கணும்ல? இந்த மாட்டு மந்தவெளில ஒரு சுத்து ஓட்றேன். நீ பக்கத்துல ஒக்காந்துக்கினு அந்தப் பொட்டிக் கைப்பிடிய மட்டும் அழுத்து. டிரெய்லரு இழுத்துப் புடிக்குதா இல்லயான்னு தெரிஞ்சிபூடும்."

அவர் சொன்னதுதான் சரியான சோதனை. என் இங்கிலீஷ் புத்தகத்திலேயே அது படத்தோடு இருந்தது. ஆனால் படிக்காத ஒரு டிரைவர் எனக்கு வேலை சொல்லிக்கொடுப்பதா என்ற எண்ணம்தான் எனக்குள் முதலில் எழுந்தது. சாயங்காலத்துக்குள் கண்ணமங்கலம் போய்ச் சேராவிட்டால் எங்கள் ஜூனியர் இன்ஜினியர் ஜே.இ. கத்துவார் என்பதும் ஒரு சாக்கு.

"அண்ணே, கோளாறு பிரேக்ல இல்ல. உங்க மனசுலதான் இருக்கு" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. போய் ஏறி உட்கார்ந்தார். நான் வண்டியின் லாக் புத்தகத்தில் 'டிரெய்லர் பிரேக் சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது' என்று எழுதி நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இறக்கத்தில் முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதை நெருங்கும்போது என் முதுகிலேயே தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து நெட்டுகிற மாதிரி லாரி முன்னால் போயிற்று. அவர் பிரேக்கை மிதித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கைப்பிடியை அழுத்தினார். விளக்கு இன்னும் நன்றாக எரிந்தது. டிரெய்லர் பிடிக்கவில்லை. லாரியின் சொந்த பிரேக்கால் அத்தனை கனத்தையும் தாங்க முடியவில்லை. ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. இடது பக்கம் பள்ளம், என் பக்கம். வலது பக்கம் பாறை, அவர் பக்கம். அவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார்.

எனக்கு நெற்றியில் ஒரு சின்ன வீக்கம், அவ்வளவுதான். அவருடைய வலது கால் கதவுக்கும் பெடலுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. தலைச்சுமையாகப் புளி எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்த மலைக்காரர்கள் மூட்டைகளை ரோட்டோரத்தில் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கடப்பாரையால் கதவை நெம்பி அவரை எடுத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. நாலு பேர் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து அடிவாரம் வரைக்கும் கொண்டுவந்தார்கள். நான் கூடவே நடந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஜே.இ. வந்து லாக் புத்தகத்தைப் புரட்டினார். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"பிரேக் சரியா இருந்துதுன்னு நீயே எழுதியிருக்க. அப்ப டிரைவர்தான் வேகமா வந்திருக்கான். வேற என்ன காரணம் சொல்ல முடியும்?"

"இல்ல சார், வேகமா வர்ல. நான் பக்கத்துல இருந்தேன்."

"அப்ப பிரேக்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுக் கொண்டா. அடுத்த வாரம் விசாரணைக்குப் பெரிய ஆபீசர் வர்றாரு. கோளாறு இல்லன்னா அவன் வேலை போயிடும். நஷ்ட ஈடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அதுதான் நிலைமை. காலில்லாத மனுசனுக்கு மிச்சமிருந்தது அந்த வேலை ஒன்றுதான். அது நான் போட்ட கையெழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

கம்ப்ரசருக்குப் பெரிய சேதமில்லை. அந்த வளைவிலேயே சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். லாரியும் அதே இடத்தில் பாறையில் மூஞ்சியை முட்டிக்கொண்டு நின்றது. பிளக் இன்னும் மாட்டியபடியே இருந்தது. நான் தினமும் காலையில் மலைக்குப் போய்ச் சோதித்தேன். பெட்டி நன்றாக இருந்தது. ஒயரை அடி அடியாகத் தடவிப் பார்த்தேன், ஓரிடத்திலும் அறுந்திருக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிக் காந்தத்தைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்ப்பை வைத்தால் எரிந்தது. எங்கே வைத்தாலும் எரிந்தது. கோளாறு இல்லை என்று நிரூபிக்கத்தான் என் கைக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு விஷயமே தெரியாது. வீட்டுக் கவலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழனி காயுது தம்பி. நேத்து புள்ள போயி மோட்டாரு போட்டுக்கிறான். எடுக்கவே மாட்டேங்குதாம், உறுமிக்கினு நிக்குதாம். கரண்டு இல்லியான்னு கேட்டா, மோட்டாரு கொட்டாயில லைட்டு நல்லாத்தான் எரியுதுன்றான். இன்னா பண்றதுன்னே தெர்ல."

எங்கள் பக்கத்தில் கழனி வைத்திருக்கிற எந்த வீட்டிலும் நூறு தடவை கேட்ட புலம்பல்தான் அது. லைட்டு எரியும், மோட்டார் எடுக்காது. விளக்குக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், மோட்டாருக்குக் கொள்ளை கரண்ட் வேண்டும். வருகிற வழியில் எங்காவது இணைப்பு கெட்டிருந்தால் விளக்கு காட்டிக்கொடுக்காது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நாலு சக்கரத்தின் காந்தமும் இழுக்கிற கரண்டுக்கு முன்னால் என் சுண்டைக்காய் பல்பு எம்மாத்திரம்? அது நூல் மாதிரி ஒரு வழி இருந்தாலே எரிந்துவிடும். மூன்று நாள் மெட்ராஸில் உட்கார்ந்து படித்தவனுக்கு இது உறைக்கவில்லை.

மறுநாள் ஒரு லாரி ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். பெட்டியின் கைப்பிடியை அழுத்தினபடி இழுத்துக் கட்டிவிட்டு, டெஸ்ட் லேம்ப்புக்குப் பதிலாக அதை வைத்தேன். உள்ளே இருக்கிற கம்பி அடுப்புக் கரி மாதிரி மங்கலாகச் சிவந்தது, வெளிச்சம் வரவில்லை. பேட்டரியின் எர்த்திலிருந்து தடித்த ஒயர் ஒன்றை நேராக இழுத்து டிரெய்லரின் இரும்பில் வைத்தேன். பல்பு கண்ணைக் கூசுகிறமாதிரி எரிந்தது. ஆக, கரண்ட் போகிற வழியில் கோளாறு இல்லை. திரும்பி வருகிற வழியில், அந்த எர்த் இணைப்பில்தான் கோளாறு. லாரியும் டிரெய்லரும் ஒட்டிக்கொள்கிற கொக்கியில் இரும்போடு இரும்பு நன்றாகப் பட்டால் பிரேக் பிடித்திருக்கும், படாதபோது பிடித்திருக்காது. ஒரு வாட்டி புடிக்குது, ஒரு வாட்டி புடிக்க மாட்டேங்குது என்று அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

எர்த் ஒயர் கறுப்பு. பிளக்கிலிருந்து பிடித்துக்கொண்டே போனேன். முக்கோண இரும்பின் மேல் ஊர்ந்து போய், அந்த எலுமிச்சம்பழ மூட்டைக்குள் நுழைந்து மறைந்தது.

இதைச் சொல்லத்தான் எனக்கு இப்போதும் கூசுகிறது. அந்த போல்ட்தான் எர்த் போல்ட் என்பது எனக்குத் தெரியாததல்ல. முதலில் அதை முறுக்கி மாட்டியவனே நான்தான். மலையில் அன்று காலை அந்த டிரெய்லரில் இருக்கிற அத்தனை இணைப்பையும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தவன், அது ஒன்றை மட்டும் தேய்க்கவில்லை. மறந்துபோய் அல்ல. என் கை அந்த மூட்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கட்டினதை அவிழ்க்கக் கூடாது என்று மலைக்காரர்கள் நம்பினார்கள். சாமியும் திருஷ்டியும் வேலைக்கு ஆகாது என்று ஒர்க்‌ஷாப்பில் வாய் கிழியப் பேசுகிற நானும் உள்ளுக்குள் அதையே நம்பியிருக்கிறேன். விபத்துக்குப் பிறகு தேடிய மூன்று நாளும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்திருக்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிங் பிளேயரால் நூல்களை அறுத்தேன். காய்ந்த பழம் மேலே, அழுகின பழம் அடியில். சாறு இறங்கி இறங்கி போல்ட் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. ஒயரில் இருந்த செம்புக் கம்பிகள் ஏறக்குறைய எல்லாம் அரித்துப்போய், நாலைந்து இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. வெட்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்று நடுரோட்டில் வாய்விட்டுக் கத்தினேன்.

மூட்டை சுமந்துகொண்டு வந்த ஒரு மலைக்காரர் நின்று பார்த்தார். கட்டில் தூக்கினவர்களில் அவரும் ஒருவர்.

"ஏன் சாமி, அத அறுத்துட்டீங்க? எங்க ஊர்லயும் கட்னோமே. டிரைவரு நல்லா இருக்கணும்னுதான கட்னோம்."

அதனால்தான் அவருக்குக் கால் போனது என்று நான் எப்படிச் சொல்வேன்? "காஞ்சு போச்சு, அதான் எடுத்தேன்" என்றேன். அவர் அறுந்து கிடந்த நூல்களைப் பொறுக்கி, யார் காலிலும் படாத இடமாகப் பார்த்து ஒரு செடியின் மேல் போட்டுவிட்டுப் போனார்.

விசாரணைக்கு முந்தின நாள் ஒரு முழுத் தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். டிரைவர் முன்கூட்டியே என்னிடம் சொன்னது, ஓட்டிப் பார்க்கச் சொன்னது, நான் மாட்டேன் என்றது, சின்ன பல்பை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டது. வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போல்ட்டையும் ஒயரையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனேன்.

பெரிய ஆபீசர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழம் கட்டின கதையைக் கேட்டு ஜே.இ.யைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு டிரைவரின் வாக்குமூலத்தைப் படித்தார். ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்தபடியே கொடுத்தது. 'விபத்துக்கு முன்னால் டிரெய்லர் பிரேக்கில் எந்தக் கோளாறும் எனக்குத் தெரியவில்லை. ஆகையால் யாரிடமும் சொல்லவில்லை.' கீழே அவருடைய கோணல் கையெழுத்து.

ஆபீசர் என்னைப் பார்த்து, "அப்படித்தானே?" என்றார்.

சட்டைப் பையில் தாள் இருந்தது. நான் எடுக்கவில்லை. "ஆமா சார்" என்றேன்.

எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது. வெளியில் தெரியாத கோளாறு, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதினார்கள். அவருக்கு நஷ்ட ஈடும், ஒர்க்‌ஷாப்பில் வாட்ச்மேன் வேலையும் கிடைக்க வழி பிறந்தது. இனிமேல் எந்த மிஷினிலும் எதையும் கட்ட விடக் கூடாது என்று ஓர் உத்தரவும் வந்தது. நான் ஆபீசை விட்டு வெளியே வந்து, ஒரு புளியமரத்தடியில் நின்று அழுதேன். அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்றுதான் அழுதேன். காலைக் கொடுத்த மனுசன் என் வேலையையும் காப்பாற்றியிருக்கிறாரே, இவருக்கு நான் எதைக் கொண்டு ஈடு செய்வேன் என்று நினைத்தேன்.

மறுநாளே வேலூருக்கு பஸ் ஏறினேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டம்மா டீ வாங்கப் போயிருந்தார். விசாரணை முடிந்த விதத்தைச் சொன்னேன், போல்ட்டைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, எனக்காக நீங்க பொய் சொல்லியிருக்க வேணாம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"உனக்காகவா?" என்றார். "உன்னை யாரு நெனச்சா? உங்கிட்ட சொன்னேன்னு நான் எழுதிக் குடுத்தா, அந்த ஆபீசரு இன்னா கேப்பான்? பிரேக்கு சரியில்லன்னு தெரிஞ்சும் ஏன்டா வண்டிய எடுத்தேன்னு கேப்பான். அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது? இருவது வருசமா வண்டி ஓட்றேன். பின்னாடி தள்றது என் முதுகுக்குத் தெரியுது. நீ ஒரு பல்ப எரிய வெச்சிக் காட்னே, என் முதுக வுட்டுட்டு உன் பல்ப நம்பி எறங்கிட்டேன். இத வெளிய சொல்லிக்க எனக்கு வெக்கமா இருக்காதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர், கால் நழுவுகிறது, அடியில் அந்தப் போர்வையைச் சுருட்டி வை என்றார். சுருட்டி வைத்தேன்.